சாமி பேசினால் அது நோயா? மனநோயும் மத நம்பிக்கையும்: ஓர் எளிய அறிமுகம்

கொழும்பில் ஒரு தமிழ் வீட்டில் யாருக்காவது மனம் குழம்பிவிட்டால், உறவினர் வாயிலிருந்து பெரும்பாலும் இரண்டு விளக்கங்களில் ஒன்று வரும். "எந்த நேரமும் பூசை, விரதம் எண்டு இருந்தா மூளை என்னத்துக்கு ஆகும்?" என்பது ஒன்று. "கும்பிட வேண்டிய நேரத்தில ஒழுங்காக் கும்பிட்டிருந்தா இந்த நிலை வந்திருக்குமா?" என்பது மற்றது. முதலாவது பக்தி கூடியதால் நோய் வந்தது என்கிறது. இரண்டாவது பக்தி குறைந்ததால் வந்தது என்கிறது. கேட்பதற்கு எதிரெதிராக இருந்தாலும் இரண்டுமே ஒரு வேலையைத்தான் செய்கின்றன: நோயில் கிடப்பவர் மேல் பழியைச் சுமத்துகின்றன. இரண்டும் தவறு. ஏன் தவறு என்று விளங்கிக்கொண்டால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் ஓரளவு தெளிவாகிவிடும்.

மனநோய் என்பது ஒரே நோய் அல்ல. மனச்சோர்வு, பதகளிப்பு, ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் ஓசிடி, மனநிலை உச்சிக்கும் பாதாளத்துக்கும் போய்வரும் இருமுனைக் கோளாறு, இல்லாத குரல் கேட்பதும் நடக்காதது நடப்பதாக உறுதியாக நம்புவதும் கொண்ட மனச்சிதைவு என்று பல இருக்கின்றன. மத நம்பிக்கை இவை ஒவ்வொன்றோடும் வெவ்வேறு விதமாகச் சேருகிறது. ஆகவே "மதம் மனதுக்கு நல்லதா கெட்டதா" என்ற கேள்விக்கு ஒரு வரியில் பதில் இல்லை.

முதலில் எல்லாரும் தடுக்கி விழும் இடத்துக்கு வருவோம். ஒரு பெண் "முருகன் என்னோடு பேசினார்" என்கிறார். இது நோயா?

இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது. ஜெர்மன் மனநல மருத்துவரும் மெய்யியலாளருமான கார்ல் யாஸ்பர்ஸ் 1913 இல் எழுதியவற்றிலிருந்து இன்றுவரை மருத்துவர்கள் பிடித்துக்கொண்டிருக்கும் பாடம் இது: ஒருவர் எதை நம்புகிறார் என்பதை விட எப்படி நம்புகிறார் என்பதே நோயைக் காட்டும். வெள்ளவத்தையில் ஓர் அம்மா தினமும் விளக்கேற்றி முருகனிடம் தன் கவலையைச் சொல்கிறார், மனதுக்குள் ஒரு பதில் வந்தது போல உணர்கிறார், எழுந்து போய்ச் சமைக்கிறார், பேரப்பிள்ளையைப் பாடசாலையிலிருந்து கூட்டி வருகிறார். சில நாட்கள் "அது என் மனம்தானோ தெரியாது" என்றும் சொல்வார். இது பக்தி. அதே தெருவில் ஓர் இளைஞன் மூன்று வாரமாக உறங்கவில்லை, குளிக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போவதை நிறுத்திவிட்டான். முருகன் தன்னிடம் மட்டும் ஓர் இரகசியப் பணியைக் கொடுத்திருப்பதாகவும் தாயார் சாப்பாட்டில் நஞ்சு கலக்க ஏவப்பட்டிருப்பதாகவும் சொல்கிறான். ஐயர் வந்து பேசினால் ஐயரும் எதிரியின் ஆள். இங்கே வாய்வார்த்தையில் வருவது அதே முருகன்தான். ஆனால் நம்பிக்கை அவனுடைய வாழ்க்கையைத் தாங்கவில்லை, தின்றுகொண்டிருக்கிறது. சந்தேகத்துக்கு ஒரு துளி இடமில்லை. உறவுகளும் படிப்பும் உறக்கமும் ஒன்றன்பின் ஒன்றாக உடைகின்றன. பார்க்க வேண்டியது இந்த மாற்றங்களைத்தான்.

இன்னொரு அளவுகோல், நம்புகிறவருடைய சொந்தச் சமூகம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேடு, ஒருவருடைய பண்பாட்டிலோ சமயத்திலோ மற்றவர்களும் ஏற்றுக்கொள்ளும் நம்பிக்கையைப் பிறழ்நம்பிக்கை (நோயால் வரும் அசைக்க முடியாத பொய் நம்பிக்கை) என்று எடுக்கக்கூடாது என்று எச்சரிக்கிறது. நடைமுறையில் இதற்குப் பொருள் என்னவென்றால், ஒரு முஸ்லிம் ஜின் இருப்பதாக நம்புவதோ, ஓர் இந்து ஏழரைச் சனிக்குப் பயப்படுவதோ, ஒரு கத்தோலிக்கர் புனிதரிடம் மன்றாடியதால் காரியம் நடந்தது என்று சொல்வதோ நோயின் அறிகுறி அல்ல. அதே மதத்தைச் சேர்ந்த மற்றவர்களே "இது எங்கட மார்க்கத்தில இல்லையே, இவர் வேற என்னமோ சொல்றார்" என்று திகைக்கும்போதுதான் கவனிக்க வேண்டும். பல நேரங்களில் நோயை முதலில் கண்டுபிடிப்பவர்கள் கோயில் ஐயரும் பள்ளிவாசல் மௌலவியும் பங்குத் தந்தையும்தான். பக்தி எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் பக்தி அல்லாததும் கண்ணில் படும்.

கலை வருவதையும் உரு ஆடுவதையும் இதே வழியில் விளங்கிக்கொள்ளலாம். அம்மன் கோயில் திருவிழாவில் பறையும் உடுக்கும் முழங்க ஒருவருக்கு உரு வருகிறது, வாக்குச் சொல்கிறார், தீர்த்தம் தெளித்ததும் அடங்குகிறார், அடுத்த நாள் வேலைக்குப் போகிறார். உலக சுகாதார நிறுவனத்தின் 11 ஆவது நோய் வகைப்பாடு (2022 இலிருந்து நடைமுறையில் உள்ளது) ஆட்கொள்ளப்படும் நிலையை ஒரு கோளாறாகப் பட்டியலிடுகிறது. ஆனால் அது அந்த நபர் விரும்பாமல் வருவதாகவும், சமூகமும் சமயமும் ஏற்றுக்கொண்ட சடங்குக்கு வெளியே நிகழ்வதாகவும், அவருக்குத் துன்பம் தருவதாகவும் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. திருவிழாவில் ஆடுபவருக்கு இது பொருந்தாது. திருமணமாகி வந்த வீட்டில் வாயே திறக்க முடியாத ஒரு பெண்ணுக்கு, நேரம் காலம் இல்லாமல் "ஆவி" வந்து, அந்தக் குரலில் மட்டும் மாமியாரைத் திட்ட முடிகிறது என்றால் அது வேறு கதை. அங்கே ஆவியை ஓட்டுவதற்கு முன் அந்த வீட்டில் அவளுக்கு என்ன நடக்கிறது என்று யாராவது தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டும்.

தமிழ் மரபுக்கு இந்த எல்லைக்கோட்டின் சிக்கல் நன்றாகத் தெரியும். சிவனையே பித்தன் என்று அழைத்துப் பாடியவர் சுந்தரர். யாழ்ப்பாணத்து நல்லூர்த் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமிகளை ஊரில் பலர் விசரன் என்றே நினைத்தார்கள். பின்னாளில் ஞானியாக மதிக்கப்பட்ட யோகர் சுவாமிகள் அவரிடம் போய்ச் சீடரானார். ஆகவே வழக்கத்துக்கு மாறாக நடக்கும் எல்லாரையும் நோயாளி ஆக்கிவிடக்கூடாது என்ற எச்சரிக்கை நம்மிடம் முன்பே இருக்கிறது. ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. "சித்தர்போல இருக்கிறான்" என்று சொல்லிச் சொல்லியே இருபது வயதுப் பிள்ளையின் மனச்சிதைவை ஆண்டுக்கணக்கில் கவனியாமல் விடுவது கொடுமை. அவன் பயந்துகொண்டிருக்கிறான். உறக்கமில்லாமல் தவிக்கிறான். அந்தத் தவிப்பைப் பார்க்க வேண்டும்.

அடுத்த கேள்வி: நோய் ஏன் இவ்வளவு அடிக்கடி சாமியின் பேரிலும் பேயின் பேரிலும் வருகிறது? காய்ச்சலில் பிதற்றுபவர் தமக்குத் தெரிந்த மொழியில்தான் பிதற்றுவார். தமிழில் பிதற்றினார் என்பதற்காகக் காய்ச்சலைத் தமிழ் உண்டாக்கியது என்று யாரும் சொல்வதில்லை. மனமும் அப்படித்தான், கையில் இருப்பதை எடுத்துக்கொள்கிறது. மூளையில் ஏற்படும் மாற்றத்தால் காரணமில்லாத அச்சம் பொங்கும்போது, அதற்கு ஒரு காரணம் கற்பிக்க மனம் தேடுகிறது. செய்வினை என்று கேட்டு வளர்ந்தவருக்குச் செய்வினை கிடைக்கிறது. இன்று கைத்தொலைபேசியோடு வளர்ந்த பிள்ளைக்கு, யாரோ தன் போனை ஒட்டுக்கேட்கிறார்கள், வட்ஸ்அப்பில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தோன்றுகிறது. நோய் ஒன்றுதான்.

இதைப் பற்றிய அருமையான ஆய்வு ஒன்றில் சென்னையும் இருக்கிறது. அமெரிக்க மானிடவியலாளர் தான்யா லூர்மனும் அவருடைய குழுவினரும் கலிபோர்னியாவின் சான் மத்தேயோ, கானாவின் அக்ரா, சென்னை ஆகிய இடங்களில் இடத்துக்கு 20 பேராக, குரல் கேட்கும் நோயாளிகளிடம் பேசினார்கள். முடிவுகள் 2015 இல் வெளிவந்தன. அமெரிக்கர்கள் பெரும்பாலும் முகமறியாத குரல்கள் வன்முறையாகப் பேசுவதாகவும், அது தங்கள் மூளை நோய் என்றும் சொன்னார்கள். அக்ராவில் பலருக்கு அது கடவுளின் குரல். சென்னையிலோ பலருக்குக் கேட்டது சொந்தக்காரர் குரல்: "குளி", "சாப்பிடு", "வீட்டைக் கூட்டு" என்று பெரியவர்கள் அதட்டுவது போல. பண்பாடு நோயை உண்டாக்கவில்லை. நோய் எந்தக் குரலில் பேசும் என்பதைப் பண்பாடு தீர்மானித்தது. அந்தக் குரலோடு ஒருவர் எவ்வளவு சமாளித்து வாழ முடியும் என்பதையும் அது மாற்றக்கூடும் என்பதுதான் இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது.

இனி, வெளியே தெரியாமல் பலர் துன்பப்படும் ஓர் இடம். இதைப் பற்றி நம் சமூகத்தில் பேச்சே இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒருவர் தொழுகைக்கு முன் வுழூச் செய்கிறார், அதாவது கை, முகம், கால் கழுவிச் சுத்தமாகிறார். கை கழுவியது சரியா என்று சந்தேகம். மீண்டும் கழுவுகிறார். முழங்கையில் ஓர் இடம் நனையவில்லையோ? மீண்டும். தொழுகையில் நின்றால் எத்தனை ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) முடிந்தது என்ற சந்தேகம். மீண்டும் முதலிலிருந்து. குளியலறையில் ஒரு மணி நேரம் போகிறது, கைகள் வெடித்துப் புண்ணாகின்றன. வெளியில் பார்ப்பவர்களுக்கு இவர் மிகுந்த பேணுதல் உள்ளவர். உள்ளே அவர் நரகத்தில் இருக்கிறார்.

இன்னொருவர் கோயிலில் மூலஸ்தானத்துக்கு முன் கைகூப்பி நிற்கிறார். அந்த நொடியில் அம்மனைப் பற்றி ஓர் ஆபாச எண்ணம் மின்னல்போல் வெட்டுகிறது. உடல் நடுங்குகிறது. "எனக்கு ஏன் இப்படி ஒரு எண்ணம் வந்தது? நான் எவ்வளவு பெரிய பாவி?" என்று அதை அழிக்க நூற்றெட்டுத் தடவை மந்திரம் சொல்கிறார். எண்ணிக்கை தவறினால் மறுபடியும் முதலிலிருந்து. நாளடைவில் கோயிலுக்குப் போகவே பயம். வேறொருவர் ஒரே பாவத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் (பாதரிடம் பாவத்தை அறிக்கையிடும் சடங்கில்) திரும்பத் திரும்பச் சொல்கிறார். பாதர் மன்னிப்பு அளித்த பிறகும், "நான் சரியாகச் சொல்லவில்லையோ" என்று அடுத்த நாளே திரும்பி வருகிறார்.

இவை மூன்றும் ஒரே நோய்: ஓசிடி, சமயத்தின் வடிவில். இது புதிதும் அல்ல. 9 ஆம், 10 ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த முஸ்லிம் அறிஞர் அபூ ஸைத் அல் பல்கீ, விடாமல் தொந்தரவு செய்யும் எண்ணங்களை மனத்தின் நோய்களில் ஒன்றாக வைத்து, அதற்கான வழிகளையும் எழுதினார். இயேசு சபையைத் தோற்றுவித்த புனித இஞ்ஞாசியார் இப்படியான பாவச் சந்தேகங்களால் தற்கொலை எண்ணம் வரை தள்ளப்பட்டவர். மார்ட்டின் லூதர் துறவியாக இருந்த காலத்தில் மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்தார் என்பதும் அறியப்பட்ட செய்தி.

இந்த நோயாளியிடம் நாம் சொல்லக்கூடியதில் மிக மோசமானது "இன்னும் கொஞ்சம் கூடப் பிரார்த்தனை செய்" என்பதுதான். அவருடைய நோயே அந்தக் கூடுதலில்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறை கழுவும்போதும், ஒவ்வொரு முறை மந்திரம் சொல்லும்போதும் அச்சம் சில நிமிடம் தணிகிறது. அந்தத் தணிவே "செய்தால்தான் தப்பலாம்" என்று மூளைக்குக் கற்பிக்கிறது. அடுத்த முறை அச்சம் இன்னும் பலமாக வருகிறது. ஆகவே சிகிச்சை எதிர்த்திசையில் போகிறது. பயிற்சி பெற்ற சிகிச்சையாளரின் துணையோடு, சந்தேகம் வந்தாலும் திரும்பக் கழுவாமல், கெட்ட எண்ணம் வந்தாலும் பரிகாரம் செய்யாமல், அச்சம் தானாக அடங்கும்வரை இருந்து பழக வேண்டும். மூளையில் உள்ள செரட்டோனின் என்ற வேதிப்பொருள் மேல் வேலை செய்யும் மாத்திரைகளும் பலருக்கு நன்றாக உதவுகின்றன. இங்கே ஒரு மௌலவியோ பாதரோ செய்யக்கூடிய உதவியை எந்த மருத்துவராலும் செய்ய முடியாது. "மூன்று தடவைக்கு மேல் கழுவத் தேவையில்லை, அது மார்க்கத்தில் இல்லை" என்று ஒரு மௌலவி சொல்லும்போது அதற்கு இருக்கும் எடை வேறு. ஆனால் நோயாளி வந்து கேட்கும் ஒவ்வொரு தடவையும் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தால் அந்த ஆறுதலே இன்னொரு சடங்காகிவிடும். ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். கேளாமல் வந்து உன் மனதைக் கெடுக்கும் எண்ணம் உன் விருப்பம் அல்ல, அது உன்னைப் பாவியாக்காது என்பதைக் கேட்டதும் அழுதுவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

மருத்துவமும் மதத்தை எப்போதும் நியாயமாக நடத்தியதில்லை. சிக்மண்ட் பிராய்ட் 1907 இல் ஓசிடி நோயாளியின் செயல்களையும் மதச் சடங்குகளையும் பக்கத்தில் வைத்து, மதத்தை மனிதகுலம் முழுவதற்குமான ஒரு மனநோய் போலப் பேசினார். அந்தப் பார்வை பல பத்தாண்டுகள் நீடித்தது. 1994 இல் வந்த அமெரிக்கக் கையேட்டின் நான்காம் பதிப்பில்தான், சமயம் சார்ந்த சிக்கல் ஒன்று மனநோயாக இல்லாமலே ஒருவருக்கு உதவி தேவைப்படும் விடயமாக இருக்கலாம் என்று ஒரு தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. 2016 இல் உலக மனநல மருத்துவர் சங்கம், நோயாளியின் ஆன்மிகத்தையும் சமயத்தையும் மருத்துவர் மதிப்போடு கேட்டறிய வேண்டும் என்று நிலைப்பாடு வெளியிட்டது. பராமரிப்பின் வேரும் பல இடங்களில் சமயத்தில்தான் இருக்கிறது. பெல்ஜியத்தின் ஹேல் நகரில் புனித திம்ப்னாவின் தலத்துக்கு வந்த மனநோயாளரை ஊர்க் குடும்பங்கள் தங்கள் வீடுகளில் வைத்துப் பார்க்கும் வழக்கம் நூற்றாண்டுகளாகத் தொடர்கிறது. இங்கிலாந்தில் சங்கிலி இல்லாத காப்பகம் ஒன்றை 1796 இல் யோர்க் நகரில் தொடங்கியவர்கள் குவேக்கர் கிறிஸ்தவர்கள்.

கொழும்பில் இதை நேரில் பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனால் மெழுகுவர்த்தியோடு நிற்பவர்களில் கத்தோலிக்கர் மட்டுமா இருக்கிறார்கள்? நெற்றியில் திருநீறோடு வந்தவரும் வெள்ளைச் சேலைச் சிங்களத் தாயும் அங்கே நிற்கிறார்கள். நகரமண்டபத்துக்குப் பக்கத்தில் தெவட்டகஹ பள்ளிவாசலுக்கும் எல்லாச் சமயத்தவரும் வருகிறார்கள். அவர்கள் கொண்டுவருவது வெளிநாடு போன பிள்ளை, கடன், குடிக்கும் கணவர், தூங்காத இரவுகள். ஓர் இடத்தில் போய் அழ முடிகிறது, யாரும் ஏன் என்று கேட்பதில்லை, திரும்பும்போது நெஞ்சு கொஞ்சம் இலேசாகிறது. அதுவும் ஒரு மனநலச் சேவைதான் என்பேன். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறன்று குண்டு வெடித்த அதே கொச்சிக்கடைக் கோயிலுக்கு மக்கள் திரும்பி வந்தார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

போரின் காலத்தில் மட்டக்களப்பில் நடந்ததை அமெரிக்க மானிடவியலாளர் பட்ரிசியா லோரன்ஸ் பதிவு செய்திருக்கிறார். பிள்ளைகள் காணாமல் போன தாய்மார் காளி, அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்லும் பெண்களிடம் போனார்கள். எந்த அலுவலகத்திலும் கேட்க முடியாத கேள்வியை அங்கே கேட்டார்கள். வாய்விட்டு அழுவதே ஆபத்தாக இருந்த காலத்தில், அம்மனின் வாயால் அந்தத் துயரம் பேசப்பட்டது. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குபவர், அந்தத் தாய்க்கு வேறு எந்தக் கதவு திறந்திருந்தது என்று சொல்லட்டும்.

அளந்து பார்த்த முயற்சியும் உண்டு. பெங்களூரு மருத்துவர் ரகுராமும் உடனிருந்தோரும் தென்னிந்தியாவில் முத்துசாமி என்பவரின் சமாதிக் கோயிலில் தங்கியிருந்த மனநோயாளர் 31 பேரைக் கவனித்து 2002 இல் எழுதினார்கள். மருந்து இல்லை, அடி உதை இல்லை. காலைப் பூசை, கோயிலைக் கூட்டுவது போன்ற சிறு வேலைகள், கூடவே தங்கும் உறவினர் ஒருவர், அவ்வளவுதான். சில வாரங்களில் நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. சிறிய ஆய்வு, ஒப்பிடுவதற்கு வேறு குழுவும் இல்லை. எனவே "கோயில் போதும், மாத்திரை வேண்டாம்" என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடாது. மதிப்போடு நடத்தப்படுவதும், செய்ய ஒரு வேலையும், துணைக்கு ஓர் ஆளும் இருப்பதுமே எவ்வளவு தூரம் உதவும் என்பதை இது காட்டுகிறது.

அதே நம்பிக்கை ஆளைத் தாழ்த்தவும் செய்யும். அமெரிக்க உளவியலாளர் கென்னத் பர்கமென்ட் இதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். "கடவுள் என்னோடு இருக்கிறார், இதைக் கடக்கத் துணை செய்வார்" என்று நினைப்பவர் துன்பத்தை ஓரளவு நன்றாகத் தாங்குகிறார். "கடவுள் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார்" என்று நினைப்பவரின் மனச்சோர்வு பெரும்பாலும் கூடுகிறது. எத்தனை தடவை கோயிலுக்குப் போனார் என்பதை விட, அவர் மனதில் இருக்கும் கடவுள் எப்படிப்பட்டவர் என்பது பெரிய விடயம். மனச்சோர்வில் இருக்கும் ஒருவரிடம் "போன பிறவிக் கர்மம்", "ஈமான் பலவீனம்", "விசுவாசக் குறைவு" என்று சொல்வது அவரை இரண்டாவது வகைக்குள் தள்ளிவிடும். குற்ற உணர்வு மனச்சோர்வின் அறிகுறிகளில் ஒன்று. நாம் அதற்கு எண்ணெய் ஊற்றத் தேவையில்லை.

இப்போது கசப்பான பகுதி. 2001 ஆகஸ்ட் 6 அன்று தமிழ்நாட்டின் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த மனநோயாளரைத் தங்கவைத்திருந்த ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். அவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள், ஓட முடியவில்லை. பின்னர் அந்தத் தர்காவிலேயே மருந்தும் துஆவும் (பிரார்த்தனையும்) சேர்ந்த திட்டம் ஒன்றைத் தமிழ்நாட்டு அரசு கொண்டுவந்தது. வேண்டுதலுக்கு வந்தவர் அங்கேயே மனநல மருத்துவரையும் பார்க்கலாம். இந்த வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

பேயோட்டுவதாக அடிப்பது, மிளகாய்ப் புகை காட்டுவது, பட்டினி போடுவது, கட்டிவைப்பது, இடுமருந்து எடுப்பதாக என்னவென்று தெரியாததைக் குடிக்கக் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது ஆகியவற்றுக்கு எந்தச் சமயத்தின் பெயரிலும் நியாயம் இல்லை. அவை வன்முறை. "முழுசாக் குணமாயிட்டீங்க, இனி மாத்திரையைத் தூக்கி எறியுங்க" என்று கூட்டத்தின் நடுவில் சொல்வதும் அதே அளவு ஆபத்தானது. மாத்திரையைத் திடீரென நிறுத்தியவருக்குப் பெரும்பாலும் அடுத்த நாளே ஒன்றும் ஆகாது. அதனால்தான் அற்புதம் நடந்தது போலத் தெரிகிறது. வாரங்கள் கழித்து நோய் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும்போது அந்த மேடை அங்கே இருக்காது.

இவ்வளவு வெளிப்படையாக இல்லாத தீங்கு ஒன்று தாமதம். முதலில் சாத்திரியார், பிறகு கட்டாடி, பிறகு ஓதிப் பார்க்கிறவர், பிறகு ஜெபக்கூட்டம், எல்லாம் முடிந்து கையில் காசும் முடிந்த பிறகு ஆஸ்பத்திரி. மனச்சிதைவில் சிகிச்சை தொடங்கப் பிந்தும் காலம் நீளநீள, குணமாகும் அளவும் குறைகிறது என்பது உறுதியாக அறியப்பட்டது. தாமதத்துக்கு நம்பிக்கையை மட்டும் குறைசொல்ல முடியாது. வெட்கமும் இருக்கிறது. மனநல வைத்தியசாலை இருக்கும் "அங்கொடை" என்ற ஊர்ப்பெயரை வசைச்சொல் ஆக்கிவைத்திருக்கிறோம். இன்று கடைகளும் உணவகங்களுமாக இருக்கும் சுதந்திர சதுக்கத்து ஆர்கேட் கட்டடம் பிரித்தானியர் காலத்தில் மனநோயாளர் காப்பகமாகக் கட்டப்பட்டது. அங்கே காப்பி குடிப்பதில் யாருக்கும் வெட்கமில்லை. அங்கொடையில் இன்று இருப்பது தேசிய மனநல நிறுவகம். கொழும்புத் தேசிய வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு உண்டு. அங்கே போவதிலும் வெட்கம் தேவையில்லை. கோயிலுக்குப் போனால் கல்யாணம் குழம்பாது, கிளினிக்குக்குப் போனால் குழம்பிவிடும் என்ற பயம் நம் குடும்பங்களில் உண்மையானது. அந்தப் பயத்தைக் குறைப்பது நம் எல்லோருடைய வேலை.

இரண்டு இடங்களுக்கும் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய சில விடயங்கள் உண்டு. திருநீறு, நூல், தாயத்து, ஓதிய தண்ணீர் ஆகியவை மாத்திரையோடு மோதுவதில்லை. விரதமும் நோன்பும் மோதக்கூடும். இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் என்ற மருந்தை எடுப்பவர் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடலாம். கைநடுக்கம், வாந்தி, தள்ளாட்டம், மயக்கம் வந்தால் அது நச்சு நிலை, உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ரமழானுக்கும் கந்தசஷ்டிக்கும் முன்பே மருத்துவரிடம் பேசி வேளையையும் அளவையும் கேட்டுக்கொள்ள வேண்டும். தானாக மாற்றவோ நிறுத்தவோ கூடாது. நோயாளிக்கு நோன்பிலிருந்து இஸ்லாத்தில் சலுகை இருக்கிறது என்பதை மௌலவியே எடுத்துச் சொல்லலாம். அதேபோல் தூக்கம். இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு ஓர் இரவு முழுக்க விழித்திருப்பதே உச்சநிலையைத் தூண்டிவிடக்கூடும். சிவராத்திரிக்கு நான்கு சாமமும் இருக்க வேண்டும் என்று அவரை வற்புறுத்தாதீர்கள், முதல் சாமப் பூசையோடு வீட்டுக்கு அனுப்புங்கள். பல நாள் மௌனத் தியான முகாம்களுக்குப் போக நினைப்பவர், முன்பு மனநோய் வந்திருந்தால், நடத்துபவரிடமும் மருத்துவரிடமும் அதை முதலிலேயே சொல்ல வேண்டும்.

மருத்துவரிடம் எதையும் மறைக்கத் தேவையில்லை. நூல் கட்டியதையும் கழிப்புக் கழித்ததையும் சொல்லுங்கள். பேயோட்டினவர் ஏதாவது குடிக்கக் கொடுத்தாரா என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். மருத்துவர் நம் மொழியோ வழக்கமோ தெரியாதவராக இருந்தால், இரண்டும் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். உரு வருவது உங்கள் ஊரில் வழக்கமா, இவருக்கு முன்பும் வந்ததா, இந்த முறை என்ன வித்தியாசம் என்பதை விளக்க ஆள் இல்லாவிட்டால் வழக்கம் நோயாகவும் நோய் வழக்கமாகவும் எழுதப்பட்டுவிடலாம். நம்பிக்கையைக் கேலி செய்யும் மருத்துவர் கிடைத்தால் வேறொருவரைத் தேடுங்கள், சிகிச்சையை விடாதீர்கள்.

ஐயர்மார், மௌலவிமார், பாதர்மார், பாஸ்டர்மாருக்கும் ஒரு வேண்டுகோள். உங்களிடம் வருபவர் சாப்பிடுகிறாரா, உறங்குகிறாரா, எவ்வளவு நாளாக இப்படி, சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறதா என்று கேளுங்கள். அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்பதால் இல்லாத எண்ணம் உண்டாகிவிடாது. "ஒவ்வொரு நோய்க்கும் மருந்தை இறைவன் இறக்கியிருக்கிறான்" என்ற நபிமொழியை முஸ்லிம் குடும்பத்திடம் சொல்லலாம். மருத்துவரைப் படைத்தவரும் ஆண்டவரே என்று சீராக் ஆகமத்தின் 38 ஆம் அதிகாரம் சொல்வதைக் கத்தோலிக்கரிடம் சொல்லலாம். உங்கள் வாயிலிருந்து "ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, நானும் வேண்டிக்கொள்றேன்" என்று ஒரு வார்த்தை வந்தால் குடும்பத்தின் தயக்கம் பாதி போய்விடும்.

எப்போது ஒரு நாள்கூடப் பொறுக்கக்கூடாது? "சாமி என்னைக் கூப்பிடுது" என்று சாவைப் பற்றிப் பேசினால், தன்னையோ பிள்ளையையோ பலிகொடுக்கச் சொல்லிக் குரல் கேட்பதாகச் சொன்னால், விரதம் என்ற பேரில் தண்ணீரும் குடிக்க மறுத்தால், நாட்கணக்கில் உறங்காமல் ஓய்வில்லாமல் பேசிக்கொண்டிருந்தால், அன்றே கிட்டிய பெரிய வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். வலிப்புப்போல இழுத்து, கண் செருகி, பிறகு ஒன்றும் நினைவில்லை என்றாலும் அப்படித்தான், அது மூளை நரம்பு சார்ந்த வலிப்பு நோயாக இருக்கலாம், அதற்கும் மருந்து இருக்கிறது. என்ன செய்வது என்று தெரியாவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள். போகும்போது அவரைத் தனியே விடாமல் அவர் நம்பும் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். இதுவரை எடுத்த மாத்திரைகளையும் கிளினிக் கொப்பியையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.